கிழமைக்கு 168 மணித்தியாலம்: வேலைக்குப் போகும் தாய்மாருக்கு ஒரு வீட்டு அட்டவணை



கணக்காளர் பேச வந்தால் வரிப்படிவம், ஓய்வூதியச் சேமிப்பு என்றுதான் பேசுவார் என எண்ணுவீர்கள். இம்மாதம் நான் எடுத்துக்கொண்டது வீட்டு வேலை. காரணம் உண்டு. நிகழ்ச்சி முடிந்தபின் எம்மோடு பேசும் தாய்மாரில் பலர் காசு போதவில்லை என்று சொல்வதிலும் பார்க்க, நேரம் போதவில்லை என்றுதான் அதிகம் சொல்கிறார்கள். காசுக்கு வரவு செலவு எழுதுகிறோம். நேரத்துக்கும் எழுதலாம். அதற்கான வழியைத்தான் இங்கே சொல்கிறேன்.

ஊரில் இருந்த அட்டவணை

எங்கள் ஊர்களில் யாரும் அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டவில்லை. ஆனாலும் கிழமைக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. வெள்ளிக்கிழமை என்றால் வீடு கழுவி, மரக்கறிச் சமையல். சனிக்கிழமை எண்ணெய் முழுக்கு. விடியற்காலையில் முற்றம் கூட்டுவது, பொழுதுபடுமுன் உடுப்பு எடுப்பது, விளக்கு வைப்பது என்று நாளுக்கும் ஒரு ஒழுங்கு. மிளகாய் வறுத்து இடிக்க ஒரு நாள், மா அவிக்க ஒரு நாள். இன்றைக்கு என்ன வேலை என்று யாரும் யோசித்துக் களைக்கத் தேவையிருக்கவில்லை. நாளே அதைச் சொல்லிற்று.

அந்த வேலைகளைச் செய்யப் பல கைகளும் இருந்தன. அம்மம்மா தேங்காய் துருவுவார், சித்தி பிள்ளையைக் குளிப்பாட்டுவார், பக்கத்து வீட்டு அக்கா பள்ளிக்கூடம் முடிந்த பிள்ளையைத் தன் பிள்ளையோடு கூட்டி வருவார். இடம்பெயர்ந்து, கடல் கடந்து டண்டினொங் வந்து சேர்ந்தபோது வேலைகளின் பட்டியல் முழுதாக எங்களோடு வந்தது. கைகள் வரவில்லை. ஐந்து பேர் செய்த வேலையை ஒருவர், அதுவும் வெளியில் முழுநேர வேலை பார்த்துக்கொண்டு, செய்கிறார். எனவே "எனக்குச் சாமர்த்தியம் போதாது" என்று எந்தத் தாயும் நினைக்க வேண்டியதில்லை. ஐந்து பேருக்கு எழுதிய பட்டியலைத் திருத்தி எழுத வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

கணக்கில் வராத வேலை

கடையில் ஒருவர் இடியப்பம் அவித்து விற்றால் அது நாட்டின் உற்பத்திக் கணக்கில் சேரும். அதே இடியப்பத்தை ஒரு தாய் வீட்டில் அவித்தால் சேராது. நியூசிலாந்தின் முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் மெரிலின் வேறிங் 1988இல் எழுதிய நூலில் இந்தக் குறையைத்தான் உலகுக்கு எடுத்துக்காட்டினார். அதன்பின் பல நாடுகள் மக்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று அளக்கத் தொடங்கின.

அவுஸ்திரேலியப் புள்ளிவிபரத் திணைக்களம் 1992, 1997, 2006 ஆகிய ஆண்டுகளிலும், பின்னர் கோவிட் காலமான 2020-21இலும் இந்த ஆய்வைச் செய்தது. கடைசியாகச் சொன்ன ஆய்வின்படி, சம்பளமில்லாத வேலைகளில் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 4 மணித்தியாலம் 31 நிமிடமும், ஆண்கள் 3 மணித்தியாலம் 12 நிமிடமும் செலவிட்டார்கள். வித்தியாசம் நாளுக்கு 79 நிமிடம். ஏழால் பெருக்கினால் கிழமைக்கு 9 மணித்தியாலத்துக்கு மேல். அதாவது ஒரு முழு வேலைநாள். இந்தியாவில் 2019இல் நடந்த ஆய்வில் இடைவெளி இன்னும் பெரிது: வீட்டு வேலைகளில் ஈடுபட்டவர்களை மட்டும் எடுத்தால், பெண்கள் நாளுக்கு 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம்.

முதலில் எண்ணிப் பாருங்கள்

எந்த வரவு செலவுத் திட்டமும் கையில் உள்ளதை எண்ணுவதில்தான் தொடங்கும். கிழமைக்கு எல்லோருக்கும் இருப்பது 168 மணித்தியாலம். முதியோர் இல்லத்தில் முழுநேரம் வேலை செய்யும், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள் உள்ள ஒரு தாயை உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். கணவர் தொழிற்சாலையில் பின்னேர சிஃப்ட்.

நித்திரை நாளுக்கு 7 வீதம் 49 மணித்தியாலம். வேலை 38, போய்வர 5, ஆக 43. குளிப்பு, சாப்பாடு, வழிபாடு போன்ற சொந்தத் தேவைகள் 14. பிள்ளைகளை ஏற்றி இறக்குவது, வீட்டுப்பாடம், கிழமை இறுதியில் தமிழ்ப் பள்ளியும் நடன வகுப்பும் சேர்த்து 16. சமையலும் பாத்திரம் கழுவுதலும் நாளுக்கு 3 வீதம் 21. உடுப்புத் தோய்த்து, காயவைத்து, மடித்தல் 6. துப்புரவு வேலை 5. கடைக்குப் போதல் 4. கடிதங்கள், பில்கள் 2. கூட்டினால் 160. மீதி 8 மணித்தியாலம். பிள்ளைக்குக் காய்ச்சல், ஊரிலிருந்து தொலைபேசி, கோயில், நண்பர் வீட்டு விசேடம் எல்லாம் அதற்குள்ளேதான். ஏதாவது ஒன்று கூடினால் அது நித்திரையில் கை வைக்கும். பல வீடுகளில் நடப்பது இதுதான்.

ஒரு கொப்பியில் உங்கள் ஒரு கிழமையை இப்படி எழுதிப் பாருங்கள். குறைகாண அல்ல, எங்கே அதிகம் போகிறது என்று அறிய. பெரும்பாலும் சமையல்தான் முதலிடத்தில் நிற்கும். எனவே சிக்கனமும் அங்கேதான் தொடங்க வேண்டும்.

குசினியில் நடக்கும் தூரம்

அமெரிக்காவில் லிலியன் கில்பிரெத் என்று ஒரு பொறியியலாளர் இருந்தார். தொழிற்சாலைகளில் வீணான அசைவுகளைக் குறைப்பது அவரது துறை. பன்னிரண்டு பிள்ளைகளைப் பெற்றவர். 1924இல் கணவர் இறந்தபின், அதே முறையைக் குசினிக்குக் கொண்டுவந்தார். அடுப்பு, தண்ணீர்த்தொட்டி, வெட்டும் மேசை மூன்றும் கிட்டக் கிட்ட இருந்தால் நடை குறையும் என்பது அவர் பரப்பிய பாடம். காலால் மிதித்துத் திறக்கும் குப்பைத்தொட்டியும், குளிர்சாதனப்பெட்டிக் கதவுக்குள் இருக்கும் தட்டுகளும் அவர் பெயரோடு சொல்லப்படுபவை. அந்த வீட்டில் பிள்ளைகள் தங்கள் கடமையை முடித்ததும் அட்டவணையில் கையெழுத்திட வேண்டும் என்று அவருடைய பிள்ளைகளே பின்னர் எழுதினார்கள். அவர் வீட்டில் வேலைக்கு உதவியாளர்களும் இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

வாடகை வீட்டில் அடுப்பை நகர்த்த முடியாது. சாமான்களை நகர்த்தலாம். மிளகாய்த்தூள், உப்பு, மஞ்சள், கடுகு, சீரகம் அடுப்பிலிருந்து கை எட்டும் தூரத்தில் ஒரே தட்டில் இருக்கட்டும். அரிசிப் பெட்டி சோற்றுக் குக்கருக்குப் பக்கத்தில். பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டி, தண்ணீர்ப் போத்தல், சிற்றுண்டி எல்லாம் ஒரே லாச்சியில், பிள்ளைகளின் உயரத்தில். எப்போதாவது எடுக்கும் பெரிய சட்டிகள் மேல் அலுமாரிக்குப் போகட்டும். ஒரு பின்னேரம் செலவிட்டால் போதும். அதன் பயன் ஒவ்வொரு நாளும் கிடைக்கும்.

நாளுக்கு நான்கு நேரங்கள்

நாள் முழுவதற்கும் நிமிடக் கணக்கில் அட்டவணை போட்டால் இரண்டாம் நாளே முறிந்துவிடும். நான்கு நேரங்களை மட்டும் உறுதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் எழுந்ததும் 20 நிமிடம்: படுக்கையை ஒழுங்காக்கி, இரவே ஆயத்தம் செய்த சாப்பாட்டுப் பெட்டிகளை நிரப்பி, யன்னல்களைக் கொஞ்ச நேரம் திறந்துவிடுங்கள். மெல்பேண் குளிர்காலத்தில் பூட்டியே வைத்திருக்கும் வீட்டில் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும்.

வேலையால் வந்ததும் 15 நிமிடம்: பைகளைத் திறந்து பள்ளிக்கூடக் கடிதங்களை ஒரு தட்டில் இடுங்கள். சாப்பாட்டுப் பெட்டிகள் தண்ணீர்த்தொட்டிக்கு. அதன்பின் தேநீர் குடித்து இருங்கள். இருப்பதும் அட்டவணையில் ஒரு பகுதிதான்.

இரவுச் சாப்பாடு முடிந்ததும் 30 நிமிடம்: வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே நேரத்தில் எழ வேண்டும். ஒருவர் பாத்திரம், ஒருவர் மேசை, ஒருவர் நிலம். தாய் தனியாகச் செய்தால் ஒரு மணித்தியாலம் எடுப்பது, எல்லோரும் சேர்ந்தால் அரை மணித்தியாலத்தில் முடியும்.

படுக்கமுன் 10 நிமிடம்: நாளைய உடுப்பு, சப்பாத்து, கார்த் திறப்பு, குளிரறையிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்ற வேண்டிய கறி. இந்தப் பத்து நிமிடம் காலையில் அரை மணித்தியாலப் பதற்றத்தைக் குறைக்கும்.

கிழமைக்கு ஒரு ஒழுங்கு

ஊரில் போல நாளுக்கு ஒரு பெரிய வேலை, ஒன்றே ஒன்று. இதோ ஒரு மாதிரி. உங்கள் சிஃப்டுக்கு ஏற்ப நாட்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

திங்கள்: பெரிய வேலை எதுவும் இல்லை. கிழமை தொடங்கும் நாளே போதிய வேலைதான். செவ்வாய்: குளியலறை, கழிப்பறை, அரை மணித்தியாலம். புதன்: இரண்டாவது பெரிய சமையல். வியாழன்: கடதாசி வேலை, அரை மணித்தியாலம். வெள்ளி: வீடு கூட்டித் துடைத்தல், ஊர்ப் பழக்கத்தை விடத் தேவையில்லை. சனி: கடைகளும் படுக்கை விரிப்புகளும். டண்டினொங் சந்தை செவ்வாய், வெள்ளி, சனி, ஞாயிறு நாட்களில் திறக்கும். பட்டியலோடு போனால் ஒரே தடவையில் கிழமைக்கான மரக்கறி, மீன், இறைச்சி முடிந்துவிடும். ஞாயிறு: பெரிய சமையல்.

உடுப்பைச் சனிக்கிழமைக்கு மலைபோலக் குவிக்காமல், ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு தடவை போடுங்கள். உங்கள் மின்சார ஒப்பந்தம் நேரத்துக்கு நேரம் விலை மாறுவதாக இருந்தால், விக்ரோரியாவில் பெரும்பாலும் பிற்பகல் 3 மணி முதல் இரவு 9 மணி வரைதான் உச்ச விலை. பின்னேர சிஃப்டுக்குப் போகும் கணவர் காலையில் இயந்திரத்தைப் போட்டு உடுப்பையும் காயவிட்டால் காசும் மிச்சம். உலர்த்தும் இயந்திரம் பாவித்தால் ஒவ்வொரு தடவையும் பஞ்சு வடியை எடுத்துவிடுங்கள். நித்திரைக்குப் போகும்போது அதை ஓடவிடாதீர்கள். பஞ்சு சேர்ந்தால் தீப்பிடிக்கும்.

துப்புரவு செய்யும்போது ஒரு எச்சரிக்கை. பிளீச்சோடு வினாகிரியையோ அமோனியா உள்ள கரைசலையோ ஒருநாளும் கலக்காதீர்கள். மூச்சைத் தாக்கும் நச்சுவாயு வரும். பிள்ளை எதையாவது குடித்துவிட்டால் நஞ்சுத் தகவல் நிலையத்தின் இலக்கம் 13 11 26; மயக்கமோ மூச்சுத் திணறலோ இருந்தால் உடனே 000.

சமைத்து வைப்பதில் கவனம்

ஞாயிறு 3 மணித்தியாலம், புதன் 2 மணித்தியாலம் ஊன்றிச் சமைத்தால், மற்ற ஐந்து நாளும் சோறு, ஒரு வறை, ஒரு சம்பல் என்று ஒரு மணித்தியாலத்தில் முடிக்கலாம். வெங்காயமும் தக்காளியும் வதக்கிய கூட்டைப் பெருமளவில் செய்து பகுதி பகுதியாக உறையவிட்டால், அது பருப்புக்கும் கோழிக்கும் கடலைக்கும் உதவும். உறைய வைத்த தேங்காய்ப்பூ, அவித்த மா, அரைத்த தோசைமா எல்லாம் இதில் சேரும். குளிர்காலத்தில் தோசைமா புளிக்காவிட்டால், அவணைச் சூடாக்காமல் விளக்கை மட்டும் எரியவிட்டு உள்ளே வையுங்கள்.

ஆனால் ஊரில் மண்சட்டியில் மீன்குழம்பை இரவிரவாக வைத்து மறுநாள் சாப்பிட்ட பழக்கத்தை இங்கே தொடர வேண்டாம். 5 பாகை முதல் 60 பாகை செல்சியஸ் வரையான வெப்பத்தில் கிருமி வேகமாகப் பெருகும். சமைத்த உணவு அந்த வெப்பத்தில் இருந்த நேரம் 2 மணித்தியாலத்துக்குள் என்றால் குளிர்சாதனப்பெட்டியில் வைக்கலாம். 2 முதல் 4 மணித்தியாலம் என்றால் அப்போதே சாப்பிட்டு முடிக்க வேண்டும். 4ஐத் தாண்டினால் எறிய வேண்டும். சோற்றில் விசேட கவனம் தேவை. சோறு வேகும்போதும் சாகாத ஒரு கிருமி அதில் உண்டு; வெளியில் வைத்த சோற்றில் அது உண்டாக்கும் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. எனவே பெரிய சட்டியோடு வைக்காமல், தட்டையான சிறு பெட்டிகளில் பரப்பி, ஆவி அடங்கியதும் பெட்டியில் வையுங்கள். இரண்டு மூன்று நாட்களுக்குள் சாப்பிடுங்கள். மீதியை அன்றே உறையவிடுங்கள். சூடாக்கும்போது நடுப்பகுதியும் நன்றாகக் கொதிக்க வேண்டும்.

யார் எதைச் செய்வது

இதைப் பேசாமல் அட்டவணை போடுவது, செலவை யார் கட்டுவது என்று தீர்மானிக்காமல் வீடு வாங்குவது போன்றது. "நான் உதவி செய்கிறேன்தானே" என்று கணவர் சொல்வதுண்டு. உதவி என்றால் பொறுப்பு இன்னும் தாயிடமே இருக்கிறது. என்ன முடிந்தது, என்ன வாங்க வேண்டும் என்று நினைவு வைப்பது அவர்தான். ஒரு வேலையைக் கொடுத்தால் நினைவு வைப்பதோடு சேர்த்துக் கொடுங்கள். கடைக்குப் போவது கணவரின் வேலை என்றால், அரிசி முடிகிறதா என்று பார்ப்பதும் பட்டியல் எழுதுவதும் அவருடையதே.

ஐந்து ஆறு வயதுப் பிள்ளை சப்பாத்தை அடுக்கி, சாப்பாட்டுப் பெட்டியைத் தொட்டியில் வைக்கலாம். எட்டுப் பத்து வயதில் துவாய், காலுறை மடிக்கலாம். பன்னிரண்டுக்கு மேல் சோறு வைக்கவும் தூசியுறிஞ்சி பிடிக்கவும் முடியும். இதில் மகன், மகள் என்ற வேறுபாடு வேண்டாம். பல குடும்பங்களில் மூத்த மகள்தான் இரண்டாவது தாயாக இருக்கிறாள்; பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை ஆண்டிலும் தம்பியின் உடுப்பை அவள்தான் மடிக்கிறாள். அது அவளுடைய எதிர்காலத்திலிருந்து எடுக்கும் கடன்.

இன்னொரு வேலையையும் பிள்ளைகளிடமிருந்து எடுத்துவிடலாம். சென்டர்லிங்க் கடிதத்தையும் வைத்தியரின் விளக்கத்தையும் பிள்ளைகள் மொழிபெயர்க்கத் தேவையில்லை. 131 450 என்ற இலக்கத்தில் அரசின் தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவை உண்டு. தமிழ் என்று சொன்னால் தமிழ் பேசுபவரை இணைப்பார்கள்.

இப்போது நம் உதாரணத் தாயின் கணக்குக்குத் திரும்புவோம். சமையல்: ஞாயிறு 3, புதன் 2, மற்ற நாட்கள் 5, பாத்திரத்துக்கும் மேசைக்கும் மூன்றரை, மொத்தம் 13.5. முன்பு 21. மிச்சம் 7.5. கடை 4 கணவரிடம், உடுப்பு மடித்து அடுக்கல் 2 பிள்ளைகளிடம், தூசியுறிஞ்சுதல் 1 மூத்த பிள்ளையிடம், அது 7. மீதியாக இருந்த 8 மணித்தியாலம் 22.5 ஆகிறது. நாளுக்கு மூன்று மணித்தியாலத்துக்குச் சற்று மேல்.

கணவர் இங்கே இல்லாத, அல்லது போரில் கணவரை இழந்த தாய்மார் எங்கள் நடுவில் பலர். அவர்களுக்கு வீட்டுக்குள் பிரித்துக் கொடுக்க ஆள் குறைவு. அங்கே கைகளை வெளியில்தான் தேட வேண்டும். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கு முறைவைத்து ஏற்றி இறக்கலாம். ஒரு கிழமை நீங்கள் இரண்டு வீட்டுக்குமாகக் குழம்பு வையுங்கள், மறுகிழமை அவர்கள் வைக்கட்டும். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். ஊரில் இதைக் கேளாமலே செய்தோம்.

மாதமும் பருவமும்

மாதம் ஒருமுறை அடுப்புக்கு மேலுள்ள புகையுறிஞ்சியின் வடியைச் சவர்க்கார நீரில் ஊறவைத்துக் கழுவுங்கள். தாளிதமும் பொரியலும் உள்ள எங்கள் சமையலில் அங்கே எண்ணெய் விரைவாகச் சேரும். தீ அதைத்தான் முதலில் பிடிக்கும். ஏப்ரல் முதல் ஞாயிறு கோடைகால நேரம் முடிந்து மணிக்கூட்டை மாற்றும் நாளில், புகை அறிவிப்பானின் பற்றரியையும் பாருங்கள்.

வியாழன் கடதாசி வேலைக்கு மூன்று உறைகள் போதும்: கட்ட வேண்டியவை, பதில் எழுத வேண்டியவை, பாதுகாக்க வேண்டியவை. விசா, குடிவரவுக் கடிதங்கள், பிறப்புச் சான்றிதழ் என்பன மூன்றாவது உறையில், பிரதியோடு. தற்காலிகப் பாதுகாப்பு விசாவில் இருந்தவர்களுக்கு 2023 பெப்ரவரியில் நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கும் வழி திறந்தபோது, கடதாசிகளை ஒழுங்காக வைத்திருந்த குடும்பங்களுக்கு வேலை இலகுவாக இருந்தது. வரிக்கணக்குப் பற்றுச்சீட்டுகளை, படிவம் கொடுத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்கு வைத்திருங்கள். நீங்களே படிவம் கொடுப்பதானால் கடைசி நாள் ஒக்ரோபர் 31.

அட்டவணையால் தீராதவை

பிள்ளைக்குச் சுகமில்லை, சிஃப்ட் மாறியது, ஊரில் ஒரு மரணம். அந்தக் கிழமை அட்டவணை முறியும். அப்போது மூன்றை மட்டும் காப்பாற்றுங்கள்: சாப்பாடு, சுத்தமான பள்ளிக்கூட உடுப்பு, உங்கள் நித்திரை. துடைக்காத நிலம் அடுத்த வெள்ளி வரை காத்திருக்கும். தவறிய வேலைகளை அடுத்த கிழமையோடு கூட்டாமல், கழித்துவிடுங்கள். விருந்தாளி வந்தால் எட்டுக் கறி வைக்க வேண்டும் என்ற மரியாதையையும் நாங்கள் எல்லோரும் சேர்ந்தே குறைக்க வேண்டும். மூன்று கறியோடு அழைப்பவர் வீட்டுக்கு மனநிறைவோடு போவோம்.

வேலை குறைந்தும் களைப்புக் குறையவில்லை, படுத்தாலும் நித்திரை வரவில்லை, பழைய காட்சிகள் வந்து எழுப்புகின்றன என்றால் அது நேரத்தின் பிரச்சினையல்ல. குடும்ப வைத்தியரிடம் சொல்லுங்கள். இரத்தச்சோகை, தைரொயிட் போன்றவற்றை ஒரு இரத்தப் பரிசோதனை காட்டும். போராலும் சித்திரவதையாலும் பாதிக்கப்பட்டு வந்தவர்களுக்கு ஆலோசனை வழங்கும் ஃபவுண்டேஷன் ஹவுஸ் 1987 முதல் விக்ரோரியாவில் இயங்குகிறது. டண்டினொங்கிலும் அதன் சேவை உண்டு. அங்கே போவதில் எந்தக் குறையும் இல்லை.

இந்த ஞாயிறு, குடும்பமாக இருந்து ஒரு தாளில் உங்கள் கிழமையை எழுதுங்கள். நான்கு கிழமை செய்து பாருங்கள். சரிவராத வரியை வெட்டி, புது வரி எழுதுங்கள். மிச்சம் வரும் நேரத்தில் ஒரு மணித்தியாலத்தையாவது, யாருக்கும் கணக்குக் காட்டத் தேவையில்லாமல், தாய் தனக்கென்று எடுத்துக்கொள்ளட்டும்.

உங்கள் வீட்டு அட்டவணையில் கண்ட நல்ல வழிகளை எங்களுக்கும் அறியத் தாருங்கள். வரும் நிகழ்ச்சிகளில் மற்ற நேயர்களோடு பகிர்ந்துகொள்வோம்.